நூற்றுக்கு நூறு போதாது

"பையன் மூன்றாம் வகுப்புதான் சார், ஆறாம் வகுப்புக் கணக்குப் போடுகிறான். 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' வகுப்பில் சேர்க்கலாமா?" என்று கேட்கிறார் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து வாசகர் ஒருவர்.

வேண்டாம். அங்கே காட்டும், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் வித்தைக்கு மூக்கோரச் சந்து போதும். நடுமூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பையனிடம் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க அருமையான வழி ஒன்று உண்டு. வகுப்புத் தேர்வில் அவனும் நூறு, ஒழுங்காகப் படிக்கும் பக்கத்துப் பிள்ளையும் நூறு. மளிகைக்கடைத் தராசில் அரிசி மூட்டையை வைத்தாலும் கம்பி லாரியை ஏற்றினாலும் முள் கடைசிக் கோட்டில்தான் போய் முட்டும். லாரியை எடைமேடைக்கு ஓட்ட வேண்டும்; அதாவது, மூன்று வகுப்பு மேலே உள்ள வினாத்தாளைக் கொடுக்க வேண்டும். அங்கே ஒருவன் 20, இன்னொருவன் 70 என்று பிரிந்துவிடுவார்கள். எடை போடும்போது டிரைவரும் கிளீனரும் இறங்கிவிட வேண்டும்: அப்பாவும் டியூஷன் அக்காவும் பக்கத்தில் நின்று கண்ஜாடை காட்டக் கூடாது. பிள்ளைக்குப் புரியாத மொழியில் வினாத்தாள் கொடுத்தாலும் பயனில்லை. திருவள்ளூர் செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைக்குத் தமிழில் கணக்குக் கொடுத்தால், நாம் அளப்பது தமிழை.

வரலாறு வேண்டுமென்றால்: 1921இல் கலிஃபோர்னியாவில் டெர்மன் என்பவர் ஐக்யூ பார்த்து 'மேதை'களைப் பொறுக்கினார். அவர் சோதித்துக் கழித்துவிட்ட ஷாக்லி 1956இலும் ஆல்வாரெஸ் 1968இலும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். கல்லூரிக்குப் போகிறவர்களுக்கான எஸ்ஏடி தேர்வை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்து மேல்வகுப்புச் சோதனையைப் பரவலாக்கியவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஜூலியன் ஸ்டான்லி, ஆண்டு 1972.

நம் அரசுத் திட்டங்கள் தாமதமாகத்தான் கதவைத் திறக்கின்றன. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் தேர்வு. தேறினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு வரை. ஊரகப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புக்கு டிரஸ்ட் தேர்வு; ஆண்டுக்கு 1,000 ரூபாய். இரண்டுமே உதவித்தொகைதான், பாடத்தின் வேகத்தை மாற்றுவதில்லை. மூன்றாம் வகுப்புக்காரனுக்கு இவற்றில் எதுவுமில்லை.

ஆகவே தலைமையாசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கணக்குப் பீரியடுக்கு மட்டும் பையன் மேல்வகுப்பில் உட்காரட்டும். மற்ற நேரம் தன் வயதுப் பிள்ளைகளோடு இருக்கட்டும். கையெழுத்தும் கபடியும் கணக்கின் வேகத்தில் வளர்வதில்லை.