திருச்சிராப்பள்ளியின் பனிக்காலம்

திருச்சிராப்பள்ளியின் பனிக்காலம் என்பது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழி முதல் மாசி வரை (ஏறத்தாழ டிசம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை) திருச்சி, திருவரங்கம், அவற்றைச் சூழ்ந்த காவிரிப் படுகை ஊர்களில் இரவிலும் அதிகாலையிலும் பனித்துளியும் மூடுபனியும் காணப்படும் பருவம் ஆகும். இந்நகரில் வெண்பனி பெய்வதில்லை. நாளிதழ்களில் "திருச்சியில் கடும் பனிப்பொழிவு" என்று தலைப்பு வந்தால் அது மூடுபனியைக் குறிக்கிறது. அதே சொல் கனடாவின் டொராண்டோவைப் பற்றிய செய்தியில் வந்தால் சாலையில் முழங்காலளவு குவியும் வெண்பனியைக் குறிக்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் "பனி" என்னும் ஒரு சொல் பல நிலைகளைச் சுட்டுகிறது. புல்நுனியில் திரளும் நீர்த்துளி பனித்துளி. தரையை ஒட்டிக் காற்றில் மிதக்கும் நுண்துளிக் கூட்டம் மூடுபனி. உதகமண்டலத்தில் புல்வெளியையும் தேயிலைச் செடிகளையும் வெள்ளையாக மூடுவது உறைபனி. முகிலிலிருந்து படிகங்களாக விழுவதே வெண்பனி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில்கூட வானிலிருந்து விழுவது எதுவும் இல்லை. காற்றின் ஈரம் தரையிலேயே உறைகிறது. நீலகிரி மக்கள் முதலில் வருவதை நீர்ப்பனி என்றும், பயிரைக் கருக்கும் அடுத்த கட்டத்தை உறைபனி என்றும் பிரித்தே சொல்கிறார்கள். சமவெளியில் அந்தப் பிரிப்புக்குத் தேவை ஏற்படவில்லை.

பனித்தல் என்ற வினைக்கு நடுங்குதல் என்றும் பொருள் உண்டு.

வெண்பனி ஏன் இல்லை

திருச்சி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 11 பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில், கடல்மட்டத்திலிருந்து 90 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. சனவரி மாதத்தில் இரவின் சராசரிக் குறைந்த வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையாகக் கூறப்படுவது 1884 பிப்ரவரியில் பதிவான 13.9 பாகை. நீர் உறைய வேண்டிய சுழியத்திற்கு அது வெகு தொலைவு.

பனி உண்டாகும் விதம்

"பனி பெய்கிறது" என்பது பேச்சு வழக்கு. உண்மையில் பனித்துளி மேலிருந்து விழுவதில்லை. இரவில் வானம் தெளிவாக இருந்தால் தரையும் இலையும் தகரக் கூரையும் பகலில் வாங்கிய வெப்பத்தை வானை நோக்கி விரைவாக இழக்கின்றன. அவற்றைத் தொடும் காற்றும் குளிர்கிறது. 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம் மட்டுமே தாங்கும். தாங்க முடியாத மிச்சம் குளிர்ந்த பரப்பில் துளியாகப் படிகிறது. அதனால்தான் மரத்தடியில் நிறுத்திய இருசக்கர வண்டி காய்ந்திருக்க, வெட்டவெளியில் நின்ற வண்டியின் இருக்கை நனைந்திருக்கிறது. மரம் பனியைத் தடுப்பதில்லை. வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கிறது.

தரையை ஒட்டிய காற்று அடுக்கு முழுவதும் இப்படிக் குளிர்ந்தால் மூடுபனி உருவாகும். அதற்கு ஈரமான மண், முகிலற்ற வானம், மெல்லிய காற்று ஆகிய மூன்றும் கூட வேண்டும். காற்று பலமாக வீசினால் பனி கலைந்துவிடும். மேகம் மூடினால் தரை குளிராது. மழை பெய்து வானம் வெளுத்த மறுநாள் விடியற்காலையில் மூடுபனியை எதிர்பார்க்கலாம் என்று சொல்வது இதனால்தான்.

மாதங்களின் போக்கு

தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இரண்டு பனியின் பெயராலேயே அமைந்தவை: மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் முற்பகுதியிலேயே பனி இறங்குவது முன்பனி என்றும், பிற்பகுதியில் இறங்குவது பின்பனி என்றும் விளக்கம் தருவர். இன்றைய வானிலை அறிவு இதை நன்றாகவே ஆதரிக்கிறது. மார்கழியில் வயல்களில் நீர் நிற்கிறது, மண் நனைந்திருக்கிறது, இரவும் நீளம். காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் பொழுது சாய்ந்து சில மணி நேரம் குளிர்ந்தாலே துளி படிந்துவிடும். மாசியில் பகல் வெயில் ஏறுகிறது, காற்று உலர்கிறது. பனிநிலையை எட்ட நள்ளிரவு தாண்டியும் குளிர வேண்டியிருக்கிறது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியில் மாசிக்கே கடுமை அதிகம். பகலின் வெயிலுக்கும் விடியலின் குளிருக்கும் உள்ள இடைவெளி அப்போது விரிவதால் உடலுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் பங்குனியைப் பனிக்காலத்தில் சேர்ப்பது திருச்சிக்குப் பொருந்தாது. அம்மாதத்தில் இங்கு கோடை தொடங்கிவிடுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21-ஐ ஒட்டி வந்தாலும், திருச்சியில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது சனவரி கடைசியில்தான். ஏறத்தாழ காலை 6.40 மணிக்கு. ஆகவே தை மாதத்தில் பனி கலையவும் நேரமாகிறது.

நகருக்குள் வேறுபாடு

சத்திரம் பேருந்து நிலையம் மலைக்கோட்டைக்கு அருகில், காவிரியின் தென்கரைக்குப் பக்கத்தில் உள்ளது. கட்டடங்களும் தார்ச்சாலையும் வண்டிகளும் வெப்பத்தைத் தேக்கி வைப்பதால் இத்தகைய இடங்களில் பனி மெலிந்தே காணப்படும். இங்கிருந்து திருவரங்கம் செல்லும் நகரப் பேருந்து காவிரிப் பாலம் ஏறியதும் நிலைமை மாறும். ஆற்று நீரின் ஈரமும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தோப்புகளும் வயல்களும் பனிக்கு ஏற்றவை. கொள்ளிடம் தாண்டிச் சமயபுரம் பக்கம் நெடுஞ்சாலையில் போகும்போது பனி திடீரென அடர்வதும் திடீரென விலகுவதும் உண்டு.

வைகுண்ட ஏகாதசி பெரும்பாலும் மார்கழியில் வருகிறது. திருவரங்கத்தில் பரமபதவாசல் விடியலுக்கு முன்பே திறக்கப்படுவதால், ஆண்டிலேயே மிகப் பெரிய கூட்டம் நகரின் குளிரான நேரத்தில் பயணம் செய்கிறது.

தொலைவு 1,000 மீட்டருக்குக் கீழ் குறைந்தால்தான் வானிலையாளர் அதை மூடுபனி என்பர். 50 மீட்டருக்கும் குறைந்தால் மிக அடர்ந்த மூடுபனி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. 50 மீட்டருக்கு அப்பால் நிற்கும் லாரியைக் கண்டு ஓட்டுநர் காலை பிரேக்கில் வைப்பதற்குள் பாதித் தொலைவு போய்விடும். முகப்பு விளக்கை உயர்த்திப் போடுவது மேலும் கெடுதல். துளிகளில் பட்டு ஒளி கண்ணுக்கே திரும்பும். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்பவர்கள் சாலையோரம் இரவிலும் செல்லும் காலம் இது என்பதால், ஒளியைத் திருப்பும் பட்டைகளை அவர்கள் அணிவது உயிர்காக்கும் செயல்.

வேளாண்மை

பனியின் முழுக் கணக்கும் வயலில்தான் தெரியும். ஓர் இரவில் படியும் பனிநீர் அரை மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. மேட்டூர் அணை வழக்கப்படி சனவரி 28-இல் மூடப்பட்டபின், நீர் குறைந்த நிலத்தில் உளுந்து போன்ற பயிர்களுக்கு இந்தச் சிறு ஈரமும் துணைதான். சம்பா நெல்லுக்கோ அது தொல்லை. இலை நெடுநேரம் நனைந்திருந்து இரவும் குளிராக இருந்தால் குலைநோய்ப் பூஞ்சை பரவும். கதிர்க்கழுத்தைத் தாக்கினால் மணி பதராகும். அறுவடை முடிந்த நெல்லும் பனியில் ஈரம் ஏற்கிறது. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. விவசாயி பகலில் காயவைத்ததை மாலையில் தார்ப்பாயால் மூடி, காலையில் பனி உலர்ந்தபின் மீண்டும் விரிக்கிறார். ஒவ்வொரு நாளும் கூலி ஏறுகிறது. ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோரும் குரல் அறுவடைக் காலந்தோறும் எழுவதன் பின்னணி இதுவே.

பனிக்காலத்தில் மல்லிகை அரும்பு கட்டுவது குறைகிறது. பொங்கலும் தை முகூர்த்தங்களும் அதே நாட்களில் வருவதால், திருவரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் அப்போது மல்லிகை விலை ஏறிவிடும். பங்குனி வெயில் வந்ததும் செடி மீண்டும் பூக்கத் தொடங்க, விலையும் இறங்குகிறது.