உங்களுக்குத் தெரியுமா? அடிக்கடி வரும் மயக்கத்துக்கும் மாத்திரை உண்டு
பள்ளி பிரேயரில் நின்றபடியே சரியும் பிள்ளை, ஊசியைக் கண்டதும் சாயும் பெரியவர்: நாடி தளர்ந்து, ரத்தக்குழாய்கள் விரிந்து, மூளைக்கு ரத்தம் குறைவதால் வரும் மயக்கம் இது. நிறையத் தண்ணீர், ரத்தக்கொதிப்பு இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உப்பு, தலைசுற்றும்போதே கால்களைப் பின்னி இறுக்குவது... பலருக்கு இதுவே போதும்.

அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் மிடோட்ரின் தரலாம். ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்து. 133 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 61 சதவீதம் பேர் மீண்டும் மயங்கினர். மிடோட்ரின் எடுத்தவர்களில் 42 சதவீதம். அதிசயமில்லை, ஆனாலும் பரவாயில்லை.

இந்த மருந்தால் தலையில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கலாம், மயிர் சிலிர்க்கலாம். படுத்தால் ரத்த அழுத்தம் எகிறும் என்பதால், கடைசி மாத்திரையைத் தூங்குவதற்கு 4 மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும்.