எல்லா வயிற்று வலியும் வாந்திபேதி அல்ல



மழைக்காலம் வந்தால் கடலூர், சிதம்பரம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வாந்திபேதி தலைகாட்டுவது புதிதல்ல. கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஆறுகள் கடலில் சேரும் தாழ்ந்த பூமி இது. 2015-ஆம் ஆண்டு வந்ததைப் போன்ற வெள்ளம் கிணற்றிலும் கைப்பம்பிலும் கலந்துவிட்டால் குடிதண்ணீர் கெட்டுவிடும். ஆகையால் வீட்டில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தால், "சாப்பிட்டது சேரலை" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

ஆனால் அதே வலியும் வாந்தியுமாக வேறொரு நோய் உண்டு. அதற்குக் கணைய அழற்சி என்று பெயர். அதை வாந்திபேதி என்று எண்ணி இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கும் உறுப்பு. சோறு, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் செரிக்க வைக்கும் நீர் இதில் சுரக்கிறது. அந்த நீர் குடலுக்குப் போன பிறகுதான் வேலை செய்ய வேண்டும். உள்ளேயே வேலை தொடங்கிவிட்டால் கணையத்தையே அரித்துப் புண்ணாக்கி வீங்க வைக்கும். இதற்கு முக்கிய காரணங்கள் இரண்டு. ஒன்று, பித்தப்பையில் உண்டான கல் நழுவி வந்து குழாயின் வாயை அடைப்பது. மற்றொன்று, சாராயம், பிராந்தி முதலிய குடி.

இரண்டு நோயையும் வலியை வைத்தே ஓரளவு பிரித்துவிடலாம். வாந்திபேதியில் தொப்புளைச் சுற்றிப் பிசையும். விட்டு விட்டு வரும். வெளிக்குப் போய் வந்தால் சற்று அடங்கும். தண்ணீராகப் பல தடவை பேதியாகும். ஒரே பந்தியில் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வந்திருக்கக்கூடும். கணைய நோயின் வலி அப்படியல்ல. "நெஞ்சுக்குழிக்குக் கீழே குத்துது, முதுகுல போய் நிக்குது" என்பார்கள். விடாமல் மணிக்கணக்கில் வலிக்கும். மல்லாந்து படுக்க முடியாது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சிலருக்குக் கொஞ்சம் தேவலை. எத்தனை முறை வாந்தி எடுத்தாலும் வலி குறையாது. பேதி பெரும்பாலும் இருக்காது. சிலருக்கு இருக்கலாம் என்பதால் பேதியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

இந்த வலிக்கு ஓமத் தண்ணியும் சோடாவும் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். குடலேற்றம் என்று வயிற்றை உருவி விடவும் கூடாது. கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டால் நேரம்தான் வீணாகும். நெஞ்சுக்குழி வலி சில சமயம் மாரடைப்பாகவும் இருக்கும். அதற்கும் தாமதம் ஆகாது. 108-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, முன்பு ராஜா முத்தையா என்று அழைக்கப்பட்ட சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே செல்லுங்கள். இரத்தத்தில் அமிலேஸ், லைபேஸ் என்ற பொருள்கள் இயல்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கணைய நோய் என்று சந்தேகம் வலுக்கும். ஸ்கேன் எடுத்தால் பித்தப்பைக் கல் தெரியும். இந்த நோயில் உடலின் நீர் இரத்தக் குழாயை விட்டு வெளியேறி உள்ளேயே தேங்கிவிடும். அதனால்தான் ஆரம்பத்திலேயே குளுகோஸ் பாட்டில் போல டிரிப் ஏற்றுகிறார்கள். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் குணமாகிவிடும். சிலருக்கு மட்டும் சிறுநீரகமும் மூச்சும் பாதிக்கப்படும். யாருக்கு அப்படி ஆகும் என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது.

வாந்திபேதிதான் என்றால் உப்பு சர்க்கரைக் கரைசலே முதல் மருந்து. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்கவும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலநாபிஸ் இத்தகைய கரைசலைக் கொடுத்துத்தான் எத்தனையோ உயிர்களைக் காத்தார். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சிறுநீர் குறைந்தாலும், கண் குழிந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பித்தப்பைக் கல் பெண்களுக்கே அதிகம் வருகிறது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் கூடுதலாக உண்டாகிறது. "பிள்ளை பெத்த உடம்பு, வாயுவா இருக்கும்" என்று மாமியார் சொன்னாலும் மேற்கண்ட வலி வந்தால் காட்டிவிட வேண்டும். ஐந்து மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும்போது மேல் வயிற்றில் வலியும் வாந்தியும் தலைவலியும் சேர்ந்து வந்தால் அது இரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம். அன்றைக்கே நர்சம்மாவிடம் சொல்லுங்கள்.

ஆண்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். டாக்டர் "குடிப்பீங்களா?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் மனைவி சொல்லிவிட்டால் வீட்டுக்கு வந்து சண்டை போடாதீர்கள். சிகிச்சைக்கு அந்தச் செய்தி தேவை. ஒரு தடவை கணையம் புண்ணானவர் மறுபடி குடித்தால் நோய் திரும்ப வரும். நாளடைவில் கணையம் சுருங்கி நீரிழிவும் சேரும். கல்லினால் வந்ததென்றால், டாக்டர் பித்தப்பையை எடுக்கச் சொல்லும் தேதியை "அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள்.