களம் போட உமிச் சாம்பல்

மேலூர், வாடிப்பட்டி வட்டாரங்களில் நெல் அவிக்கும் மில்களின் பின்புறம் உமிச் சாம்பல் குவிந்து கிடக்கிறது. நெற்களம் போடும்போது இதைச் சிமென்டோடு கலந்தால் செலவு குறையுமா என்று விவசாய அன்பர்கள் கேட்கிறார்கள். குறையும், ஆனால் எல்லாச் சாம்பலும் உதவாது.

ஒரு டன் நெல்லிலிருந்து சுமார் 200 கிலோ உமியும், அதை எரித்தால் 40 கிலோ சாம்பலும் கிடைக்கும். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சிமென்ட் இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்போடு இது சேர்ந்து கெட்டிப்படுகிறது. நமக்கு இது புதிதன்று. நம் வயல்களுக்கு நீர் தரும் பெரியாறு அணை 1895-இல் முடிந்தது. அது சுண்ணாம்பும் சுர்க்கியும் (சுட்ட மண் தூள்) கலந்து கட்டியதுதான்.

எரிக்கும் சூடுதான் முக்கியம். சுமார் 700 டிகிரிக்கு மேற்படாமல் எரிந்த சாம்பலே வினைபுரியும். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பி.கே. மேத்தா 1970-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். கடும் சூட்டில் வெந்த சாம்பல் வெறும் மணலுக்குச் சமம். கறுப்புச் சாம்பலில் எரியாத கரி மிகுதி. கரி தண்ணீரைக் குடிக்கும், கொத்தனார் மேலும் தண்ணீர் ஊற்றுவார், களம் பொரிந்துவிடும்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சாம்பலைச் சிமென்ட் போல நைசாக அரைத்து, இரண்டு பங்குக்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு சேர்த்து உருண்டை பிடித்து, ஈரச்சாக்கில் ஒரு வாரம் வைத்துத் தண்ணீரில் போடுங்கள். கரைந்தால் அந்தச் சாம்பல் வேண்டாம்.

இன்று கடையில் விற்கும் சிமென்டில் பெரும்பாலானது பி.பி.சி. வகை, அதில் அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்கெனவே உண்டு. அதோடு மேலும் சாம்பல் கலக்கக் கூடாது. மூட்டையில் ஓ.பி.சி. என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். 45 கிலோ சிமென்டுக்கு 5 கிலோ சாம்பல் போதும். சாம்பல் எடை குறைந்தது. சட்டியால் அளக்காமல் தராசில் நிறுக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு 14 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் கட்டுவது அவசியம்.

களம், மாட்டுத் தொழுவத் தரை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளவும். 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தரநிர்ணயம் 456 உமிச் சாம்பலை அனுமதித்தாலும், பொறுப்பான பொறியாளரின் ஒப்புதலைக் கேட்கிறது. தல்லாகுளத்தில் மாடி வீடு கட்டுபவர் கூரைக்கும் தூணுக்கும் இதைக் கலக்கச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன்.

அரைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். தூசி நுரையீரலுக்கு ஆகாது. அரவைக் கூலியும் வண்டி வாடகையும் மிச்சத்தை விழுங்குமானால், சாம்பலை நாற்றங்காலுக்கே இட்டுவிடலாம்.