இலிகிதர் நோய்

உடல் வருந்தி உழைப்போர்க்கு நோவு உண்டாதல் யாவரும் அறிந்ததொன்று. நெல்மூட்டை சுமப்பவன் முதுகு நோகிறதெனின் நாம் வியப்பதில்லை. கந்தோரிலே மின்விசிறியின்கீழ்க் கதிரையில் அமர்ந்து, கணினித் திரையை நோக்கியவண்ணம் விரல்களை மட்டும் அசைப்பவன், கழுத்து நோகிறது, தோள் கடுக்கிறது என முறையிடின், வீட்டார் நகைப்பர், மேலதிகாரி ஐயுறுவார். பாரந் தூக்காதவனுக்கு நோவு எங்ஙனம் வந்தது? இவ்வினா தோன்றி முந்நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

தொழில்வழி வரும் நோய்களை முதன்முதல் முறைப்பட ஆராய்ந்தவர் பெர்ணாடினோ றமசீனி என்னும் இத்தாலிய வைத்தியர். அவரது நூல் 1700இல் மொடெனா நகரில் வெளிவந்தது. 1713இல் பதுவாவில் வெளிவந்த விரிவான பதிப்பிலே எழுத்துத் தொழிலாளரைப்பற்றியும் ஓர் அதிகாரஞ் சேர்த்தார். இடையறாது அமர்ந்திருத்தல், கை ஒரே வகையாய் ஓயாது அசைதல், பிழை நேராவண்ணம் மனத்தைச் செலுத்துதல் ஆகிய மூன்றனையும் அவர் காரணங்களாகக் கண்டார். அவரறிந்த எழுத்தர் ஒருவருக்கு வலக்கை முற்றாகச் செயலிழந்தது. அவர் இடக்கையால் எழுதப் பழகினார். நெடுநாள் செல்லுமுன் அக்கையையும் அந்நோயே பற்றிக்கொண்டது.

மைக்கூடு போய்த் தந்திக் கருவி வந்தபோது நோயும் உடன் வந்தது. பிரித்தானியாவில் தொழிலாளர்க்கு நட்டஈடு பெற்றுத்தரும் நோய்களின் பட்டியலில் தந்தியாளர் கைப்பிடிப்பு 1908இல் இடம்பெற்றது. எனினும் 1911இல் இதனை ஆராய்ந்த அரசாங்கக் குழு, மீண்டும் மீண்டும் வரும் களைப்போடு தந்தியாளரின் நரம்புத் தளர்ச்சியையும் காரணமாகக் கூறிற்று. நோயுற்றவர்மேலே பாதிப் பழியைப் போடும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது போலும்! 1980களின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலியாவில் விசைப்பலகையில் வேலைசெய்தோர் பெருந்தொகையினர் கைநோவென்று முறையிட்டபோதும், இது உடல்நோயோ மனநோயோ என்னும் வழக்கே பெரிதாய் எழுந்தது.

இனி, உடலினுள் நிகழ்வதை நோக்குவோம். பிடரியிலிருந்து தோள்முனைவரை விரிந்துகிடக்கும் தசையைத் திரப்பீசியசு என்பர். கைகளை விசைப்பலகைமீது ஏந்தி நிற்குங்கால் தோளைத் தாங்குவது பெரும்பாலும் இதுவே. இதற்கு வேண்டிய வலு மிகச் சிறிது. தசையின் முழு ஆற்றலிலே நூற்றிற் சில பங்கே. ஆயினும் தசையிழைகள் யாவும் முறைவைத்து வேலைசெய்வதில்லை. சிறு நரம்பணுக்களால் இயக்கப்படும் இழைகள் முதலில் எழும். பெரியன, பெருவலு வேண்டும்போதே எழும். தசை தளருங்கால் பெரியனவே முதலில் ஓயும். ஆகவே இலேசான வேலை நீண்டுசெல்லின் முழுச் சுமையும் அச்சில இழைகள்மீதே நாள்முழுதும் கிடக்கும். தசை முழுதும் களைத்துவிடவில்லை. அதன் ஒரு சிறு கூட்டமே களைத்து நைந்தது.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஹேக் என்பார் 1991இல் இதனை விளக்கியபோது, வீட்டில் எல்லார்க்கும் முன் எழுந்து எல்லார்க்கும் பின் உறங்கும் கதைப்பெண் சின்டரெல்லாவை அவ்விழைகளுக்கு உவமை கூறினர். நல்ல உவமை. அத்தகைய பெண்ணைக் காண நாம் மேனாட்டுக் கதைக்குப் போகவேண்டியதுமில்லை! இக்கொள்கை ஒரு கருதுகோளே. எல்லா நோவுக்கும் இதுவொன்றே காரணமென்று கொள்ளுதல் தகாது. ஆயினும் பாரமின்றி நோவு வரும் வழியை இது தெளிவாகக் காட்டுகின்றது.

றமசீனி கூறிய மூன்றாங் காரணத்தையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். கடினமான மனக்கணக்கிலே ஒருவரை ஈடுபடுத்தித் தசையின் மின்னியக்கத்தை அளந்தபோது, கையசையாதிருந்தும் திரப்பீசியசு இறுகக் காணப்பட்டது. எனவே, உடலோ மனமோ என நெடுங்காலம் வழக்காடியோர் ஒரே தசையையே இருபுறத்தும் நின்று இழுத்தனராவர். அவசரக் கட்டளை ஒன்று திரையில் தோன்றுங்கால் தோள் தானே உயர்வதை எவரும் தம்மிடத்திலே கண்டறியலாம்.

தலையின் நிறை ஏறத்தாழ 5 கிலோகிராம். அது முதுகெலும்பின்மேல் நேரே நிற்குமாயின் பிடரித்தசைக்கு வேலை சிறிது. முன்னே சாயச்சாய நெம்புகோல் விதிப்படி இழுவை மிகும். இவ்வகையில் மடிக்கணினி பொல்லாதது. திரையைக் கண்ணுக்கு நேரே உயர்த்தின் கை உயர்கிறது. கைக்கேற்பத் தாழ்த்தின் தலை தாழ்கிறது. தனி விசைப்பலகை ஒன்றை இணைத்துத் திரையை நாலைந்து தடித்த புத்தகங்கள்மேல் ஏற்றுவோர்க்கு இவ்விடரில்லை. மற்று, விரல் மரத்தல், இரவில் கைநோதல் முதலியவற்றையெல்லாம் விசைப்பலகைமேற் சாட்டுதல் பிழை. நீரிழிவும் பிறவும் அவற்றுக்குக் காரணமாகலாம். வைத்தியரைக் காண்பதே தக்கது.

விலையுயர்ந்த கதிரையினால் நோவு முற்றாய் நீங்குமெனல் வணிகர் கூற்று. நல்ல கதிரையிலும் நான்கு மணிநேரம் அசையாதிருப்பவனுக்கு அச்சிறு இழைகள் ஓய்வதில்லை. அவை ஓய்வதற்குக் கையைத் தொங்கவிட்டு எழுந்து நடத்தல் வேண்டும். இதற்குக் காலம் வீணாகுமென அஞ்சும் நிருவாகிகள் ஓர் ஆய்வை அறிதல் நன்று. ஐக்கிய அமெரிக்காவில் வரித் திணைக்களத்தின் தரவுப்பதிவாளர்க்கு, வழக்கமான இடைவேளைகளோடு, இடைவேளையற்ற மணித்தியாலந்தோறும் 5 நிமிடமாக நாளொன்றுக்கு 20 நிமிட ஓய்வு மேலதிகமாகக் கொடுத்துப் பார்த்தனர். 2000இல் வெளியான அதன் முடிவின்படி, உடல் நோவும் கண் களைப்பும் குறைந்தன. பதிவுசெய்த வேலையின் அளவோ குறையவில்லை.