நாளைக்கு எந்தக் கட்டு?

மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். மேசை நடுவில் நீளமான டைரி விரிந்து கிடக்கும். குமாஸ்தா நாளைய தேதிப் பக்கத்தில் விரலை வைத்து வரிவரியாக இறங்குவார். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, அலமாரியிலிருந்து கட்டுகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். அன்றைக்கு நீதிமன்றத்தில் விழுந்த வாய்தாக்கள் டைரியின் பின்பக்கங்களில் ஏறும். போன வாய்தா எப்போது, இன்று எதற்காகப் போட்டிருக்கிறது, அடுத்தது எப்போது என்ற மூன்று விவரங்கள்தான் டைரியில் இருக்கும். அவை சரியாக இருக்கும்வரை அலுவலகம் ஓடும். ஒரு தேதி ஏறாமல் விட்டுப்போனால் வழக்கைக் கூப்பிடும்போது எழுந்து நிற்க ஆள் இருக்காது. நம் கட்சிக்காரர் வாதி என்றால் வழக்கு தள்ளுபடியாகும். பிரதிவாதி என்றால் எக்ஸ்பார்ட்டி ஆகும், அதாவது அவர் இல்லாமலே வழக்கு நடக்கும். இருபது வருடமாகக் காணிக்காக அலையும் ஒரு மனிதருக்கு இந்த ஒரு வரியின் விலை என்ன என்பது அந்தக் குமாஸ்தாவுக்குத் தெரியும்.

வழக்கறிஞர் அலுவலக மென்பொருள் என்று இன்று விற்கப்படும் பொருளின் வேர் இந்த டைரிதான். டைரி, அலமாரி, கட்சிக்காரர் பணக் கணக்கு நோட்டு, சீனியரின் ஞாபகம் என்று நான்கு இடங்களில் சிதறிக் கிடப்பதை அது ஒரே இடத்தில் கோக்கப் பார்க்கிறது. உள்ளே ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு அட்டை இருக்கும். கட்சிக்காரர் பெயர், எதிர்த்தரப்பு, வாய்தாக்கள், தாக்கல் செய்த மனுக்கள், வாங்கிய பணம், செய்த செலவு எல்லாம் அந்த அட்டையில் தொங்கும். திங்கட்கிழமை எந்த நீதிமன்றத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லா அட்டைகளையும் புரட்டி ஒரு பட்டியல் தரும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இந்த அட்டையை யார், எந்த ஊர் வேலைமுறையை மனதில் வைத்து வடிவமைத்தார்கள் என்பதில்தான் தேர்வின் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

இன்று உலகில் பரவலாகப் பேசப்படும் க்ளையோ என்ற மென்பொருள் 2008இல் கனடாவின் வான்கூவர் பகுதியில் பிறந்தது. அங்கும் அமெரிக்காவிலும் வழக்கறிஞர் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவது வழக்கம். ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, ஆறு நிமிடத்தை ஓர் அலகாக வைத்து எழுதுவார்கள். ஒரு தொலைபேசிப் பேச்சும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே அத்தகைய மென்பொருளின் இதயமே கடிகாரம்தான். நம் ஊரில் பெரும்பாலும் வழக்குக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுகிறோம், அல்லது தாக்கலுக்கு இவ்வளவு, விசாரணைக்கு இவ்வளவு என்று கட்டம் கட்டமாக வாங்குகிறோம். கடிகாரம் எவ்வளவு அழகாக ஓடினாலும் உடுமலைப்பேட்டை அலுவலகத்துக்கு அதனால் பயன் இல்லை. நமக்கு வேண்டிய இதயம் தேதி.

அந்தத் தேதியை இப்போது அரசே ஓரளவு கொடுக்கிறது. நீதிமன்றங்களைக் கணினிமயமாக்க உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி 2004இல் அமைந்தது. 2007இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டம், 2023இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் மூன்றாம் கட்டத்துக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எனப்படும் 16 இலக்க அடையாளம் உண்டு. மாவட்ட நீதிமன்ற வழக்கென்றால் முதல் இரண்டு எழுத்து மாநிலத்தையும் அடுத்த இரண்டு மாவட்டத்தையும் சொல்லும். கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. அசல் வழக்கு எண் 112 என்றால் அந்த எண் ஊருக்கு ஊர் இருக்கும். ஒரு சி.என்.ஆர். நாடு முழுவதிலும் ஒரே ஒரு வழக்குக்குத்தான் இருக்கும். அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் வழக்கின் நிலை, அடுத்த தேதி, பதிவேற்றிய உத்தரவுகள் எல்லாம் வரும். நம் வழக்குகளைத் தனிப் பட்டியலாகச் சேர்த்துவைக்கவும் அதில் வசதி இருக்கிறது. காசு கிடையாது. ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தனியாகத் தொழில் செய்யும், கையில் நூறு வழக்குக்குள் வைத்திருக்கும் இளம் வழக்கறிஞருக்கு இந்தச் செயலியும் ஒரு நல்ல டைரியும் போதும். கடன் வாங்கி ஆண்டுச் சந்தா கட்ட வேண்டாம். பட்டியலை மட்டும் அவ்வப்போது நகலெடுத்து வையுங்கள். அது கைப்பேசிக்குள்ளேயே இருப்பதால் கைப்பேசி தொலைந்தால் பட்டியலும் தொலையும்.

தனியார் மென்பொருள்கள் பலவும் இதே அரசுத் தளத்திலிருந்துதான் தேதிகளை எடுக்கின்றன. விற்பவர் ‘எல்லாம் தானாக வந்துவிடும்’ என்பார். தளத்தில் தேதி ஏறினால்தான் வரும். நீதிமன்ற ஊழியர் சாயங்காலம் ஏற்றலாம், மறுநாளும் ஏற்றலாம். தளம் முடங்கிய நாளில் பழைய தேதியே திரையில் நிற்கும். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த விவரம் கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்று ஒவ்வொரு வழக்கின் கீழும் காட்டுகிறதா? அடுத்த கேள்வி: குமாஸ்தா நீதிமன்றத்தில் காதால் கேட்டு எழுதிய தேதியும் தளத்திலிருந்து வந்த தேதியும் வேறுபட்டால் சிவப்பில் எச்சரிக்கிறதா, அல்லது சத்தமில்லாமல் ஒன்றை அழித்து மற்றதை எழுதிவிடுகிறதா? சத்தமில்லாமல் அழிக்கும் மென்பொருளை நான் வாங்கவே மாட்டேன்.

வாய்தாவை நீதிமன்றம் சொல்லிவிடும். யாரும் சொல்லாத தேதிகள்தான் ஆபத்தானவை. சட்டம் போட்ட கெடுக்கள் நீதிமன்றம் வெளியிடும் எந்தக் காஸ் லிஸ்டிலும் (அன்றாட வழக்குப் பட்டியலிலும்) வராது. மென்பொருளைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. ஒரு செக் கேஸை எடுத்துக்கொள்வோம். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த பிறகு பணம் தர எதிராளிக்கு 15 நாள். தரவில்லை என்றால் வழக்கு மூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும்.

நோட்டீஸ் 2025 ஜனவரி 27 அன்று எதிராளிக்குக் கிடைத்தது என்று வைப்போம். அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 15ஆம் நாள் பிப்ரவரி 11. வழக்கு மூலம் பிறப்பது பிப்ரவரி 12. அந்த நாளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999இலும், மறுபடி 2013இலும் சொல்லியிருக்கிறது. சட்டத்தில் மாதம் என்றால் நாட்காட்டி மாதம். ஆகவே கடைசி நாள் மார்ச் 12. இப்போது ‘ஒரு மாதம்’ என்பதை 30 நாள் என்று எழுதிவைத்த மென்பொருளிடம் இதைக் கொடுங்கள். அந்த ஆண்டு பிப்ரவரிக்கு 28 நாள்தான் என்பதால் அது மார்ச் 14 என்று காட்டும். அதை நம்பி 13ஆம் தேதி நிதானமாகப் போய் நின்றால் கெடு போய்விட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோர வழி உண்டு. ஆனால் அது நீதிமன்றத்தின் மனத்தைப் பொறுத்தது. நடுவர் தீர்ப்பை எதிர்க்கும் மனுவுக்குச் சட்டம் சொல்லும் மூன்று மாதமும் இப்படித்தான். அது 90 நாள் அல்ல என்று 2010இல் உச்ச நீதிமன்றமே விளக்க வேண்டியிருந்தது.

மேல்முறையீட்டுக்கு வருவோம். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி உரிமையியல் வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், மற்ற நீதிமன்றத்துக்கு 30 நாள். சான்றிட்ட நகல் வாங்க ஆன காலம் இதில் கழியும். நகல் மனு போட்ட நாள், நகல் தயாரான நாள் எல்லாம் அந்த நகலிலேயே முத்திரையாகக் குத்தியிருக்கும். மென்பொருளில் அந்த நாட்களுக்குத் தனிக் கட்டம் உண்டா? கோடை விடுமுறையில் கெடு முடிந்தால் நீதிமன்றம் திறக்கும் நாளைக் காட்டுகிறதா? கொரோனாவை முன்னிட்டு 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலம் முழுவதையும் கெடுக்கணக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் நீக்கியது. அப்படி ஒரு உத்தரவு வந்தால் கணக்கைத் திருத்த வழி இருக்கிறதா? வழக்கறிஞர் கையால் தேதியை மாற்றவும், ஏன் மாற்றினார் என்று எழுதவும், மாற்றியவர் யார் என்று பதியவும் இடம் வேண்டும். வணிக வழக்குகளில் அழைப்பாணை கிடைத்து 120 நாள் தாண்டினால் எதிருரையை வாங்கவே முடியாது. இத்தகைய கெடுவுக்கு முந்தைய நாள் மாலை வரும் நினைவூட்டல் வீண். பதினைந்து நாள் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, அதுவும் ஜூனியருக்கு மட்டும் போகாமல் சீனியருக்கும் போக வேண்டும்.

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு நன்கு பழக்கமான இன்னொரு கெடு இருக்கிறது. பிராதோ மனுவோ தாக்கல் செய்தபின், குறை இருக்கிறது என்று நீதிமன்ற அலுவலகம் திருப்பித் தரும். இத்தனை நாளுக்குள் திரும்பத் தாக்கல் செய் என்று எழுதியிருக்கும். இதை ரீபிரசென்டேஷன் என்போம். இந்த நிலையில் வழக்குக்கு எண்ணே விழுந்திருக்காது. எண் இல்லாத வழக்கை ஏற்காத மென்பொருள் பல. அதனால் திரும்பிவந்த கட்டு டைரியிலும் இல்லாமல் திரையிலும் இல்லாமல் அலமாரியின் கீழ்த்தட்டில் தூங்கும். கட்சிக்காரர் ஆறு மாதம் கழித்து வந்து கேட்கும்போதுதான் ஞாபகம் வரும். விற்பவர் செயல்விளக்கம் காட்ட வரும்போது, எண் விழாத ஒரு வழக்கை ஏற்றச் சொல்லுங்கள்.

பெயர்களையும் சோதியுங்கள். வெளிநாட்டு வார்ப்பில் செய்த திரையில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். ஒரே ஊரில் ஐந்து முருகன்கள் இருப்பார்கள். அவர்களைப் பிரிப்பது தகப்பனார் பெயரும் தெருவும்தான். இது வெறும் வசதிக் குறைவு என்று தள்ள முடியாது. புதிதாக ஒருவர் வரும்போது, அவருக்கு எதிராளி ஏற்கெனவே நம் கட்சிக்காரரா என்று பார்த்தாக வேண்டும். ஒருவரின் ரகசியத்தைக் கேட்டுவிட்டு இன்னொருவருக்காக அவருக்கு எதிராக நிற்க முடியாது. ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதிய ஒரே பெயரைத் தேடல் கண்டுபிடிக்க வேண்டும். நில வழக்குகளில் பெயரைவிட சர்வே எண் நம்பகமானது. கிராமத்தையும் சர்வே எண்ணையும் வைத்துத் தேட முடிந்தால் அண்ணன் தம்பி தகராறில் இரு பக்கமும் வக்காலத்து வாங்கும் விபத்து நடக்காது.

தேடல் என்றதும் எழுத்துரு வந்துவிடுகிறது. கீழமை நீதிமன்றங்களில் நாம் தமிழில் எழுதுகிறோம். பழைய மனுக்கள் எல்லாம் வானவில்லிலோ பாமினியிலோ தட்டச்சு செய்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் குறியீடு. ‘பாகப்பிரிவினை’ என்று தேடினால் ஒன்றும் வராது. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அலுவலகங்களின் கணினியில் பழக்கம் இன்னும் மாறவில்லை. மென்பொருள் வாங்குமுன் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆயிரம் மனுக்களை ஏற்றியும் எதையும் எடுக்க முடியாது.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்சிக்காரர் தந்த பணத்தில் எது கட்டணம், எது செலவுக்கு என்று தேதியோடு கணக்கு வைக்க வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சில் விதி. நீதிமன்றக் கட்டண முத்திரை, பேட்டா, நகல் செலவு எல்லாம் தனித்தனியாக ஏறட்டும். தனி வழக்கறிஞர் வணிக நிறுவனத்துக்குச் செய்யும் வேலையில் ஜிஎஸ்டியை அந்த நிறுவனமே அரசுக்குக் கட்ட வேண்டும். பில்லில் தானாக 18 சதவீதத்தை ஏற்றும் மென்பொருள் நம் தொழிலை அறியாதது.

இவ்வளவும் எங்கே இருக்கும்? பெரும்பாலும் வேறொருவரின் கணினியில். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமை 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவில் இருக்கிறது. அது குமாஸ்தாவுக்கும் பொருந்தும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். குடும்ப நல வழக்கின் கட்டை எல்லோரும் திறக்க முடியக் கூடாது. ஜூனியர் விலகிப்போன அன்றே அவர் கதவு அடைபட வேண்டும். சந்தாவை நிறுத்தினால் நம் தகவல்கள் எல்லாம், இணைத்த ஆவணங்கள் உட்பட, சாதாரண கோப்புகளாகத் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாங்கியபின் ஒருமுறை செய்தும் பாருங்கள்.

சோதனைக்குச் சுலபமான வழக்கைக் கொடுக்காதீர்கள். ஒரு பழைய பாகப்பிரிவினை வழக்கை எடுங்கள். நாலைந்து பிரதிவாதிகள் இறந்து, வாரிசுகள் சேர்ந்து, பத்து இடைக்கால மனுக்கள் தொங்கும் கட்டு. ஒருவர் இறந்தால் 90 நாளுக்குள் வாரிசைச் சேர்க்கக் கேட்க வேண்டும் என்பது அந்தத் திரையில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். ஏற்றுவது ஜூனியர் வேலை என்று விடாமல் குமாஸ்தாவை உட்காரவையுங்கள். முப்பது வருடம் டைரி எழுதிய கை எங்கே தயங்குகிறதோ அங்கே மென்பொருள் சரியில்லை. நீதிமன்ற வராந்தாவில் சிக்னல் இல்லாத மூலையில் நின்று அவர் கைப்பேசியில் ஒரு வாய்தாவை ஏற்றிப் பார்க்கட்டும்.

பிறகு இரண்டு மாதம் டைரியும் மென்பொருளும் சேர்ந்தே ஓடட்டும். தினமும் மாலை குமாஸ்தா டைரியை வாசிக்க, ஜூனியர் திரையைப் பார்த்துச் சரி சொல்லட்டும். எந்தத் தேதி ஒத்துப்போகவில்லை, ஏன் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆண்டுச் சந்தா பற்றி விற்பவரிடம் பேச உட்காரும்போது அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.