உலக அரிசிச் சந்தையும் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும்

பெரியாற்றின் தண்ணீர் 1895-ஆம் ஆண்டில் மலையைக் குடைந்த வழியாக இப்பக்கம் திரும்பியதன் பயனாக, கம்பம் பள்ளத்தாக்கில் நெல் சாகுபடி நிலைபெற்றது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நஞ்செயாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஜூன் மாதம் முதல் தேதியில் முதற்போகத்திற்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். அன்று முதல் நாற்று, உரம், களை, பூச்சி ஆகியவற்றைப் பற்றி நம் குடியானவர்கள் இடைவிடாமல் யோசிக்கிறார்கள். ஆனால் நெல்லைக் களத்தில் குவித்த பின்னர் வியாபாரி சொல்லும் விலை எங்கே நிர்ணயமாகிறது என்பதைக் குறித்து நாம் போதிய அளவு விசாரிப்பதில்லை. சென்ற போகத்தில் தேடி வந்து வாங்கியவரே இந்தப் போகத்தில் வாங்கத் தயங்குகிறார் என்றால், அதன் காரணம் கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ இல்லாமல், பாங்காக்கிலோ மணிலாவிலோ புது டில்லியிலோ இருக்கக்கூடும். நெல்லை விட்டுத் திராட்சைக்கும் வாழைக்கும் தென்னைக்கும் போகலாமா என்று பலரும் ஆலோசிக்கும் இக்காலத்தில், அரிசியை ஏற்றுமதி செய்யும் தேசங்கள் எவ்வாறு போட்டியிடுகின்றன என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

சந்தையின் அளவு

உலகத்தில் ஓராண்டில் விளையும் அரிசி, உமி நீக்கிய கணக்கில், 52 கோடி டன்னுக்குக் குறையாது. இதில் ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்திற்குப் போவது ஐந்தரைக் கோடி முதல் ஆறு கோடி டன் வரையில்தான். அதாவது பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று அதிகம். கோதுமையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தேசம் விட்டுத் தேசம் செல்கிறது. அரிசியை உண்கிறவர்களே அதை விளைவிக்கிறவர்களாகவும் இருப்பதால், வெளியே விற்க மிஞ்சுவது சொற்பம். சிறிய கண்மாயில் ஒரு மடையை அடைத்தாலும் திறந்தாலும் நீர்மட்டம் உடனே மாறுவது போல, இச்சந்தையில் ஒரு பெரிய தேசம் சரக்கை நிறுத்தினாலும் அவிழ்த்துவிட்டாலும் விலை உடனே ஏறுகிறது அல்லது இறங்குகிறது. இந்தியா, தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான் ஆகிய நான்கு தேசங்களே ஏற்றுமதியில் பெரும்பங்கை வகிக்கின்றன.

முற்காலத்துப் போட்டி

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பர்மாவே அரிசி ஏற்றுமதியில் முதலிடம் பெற்றிருந்தது. ஐராவதி டெல்டாவிலிருந்து ஆண்டுதோறும் சுமார் 30 லட்சம் டன் அரிசி கப்பலேறியது. அங்கே காட்டை அழித்து வயலாக்குவதற்கு வேண்டிய மூலதனத்தில் கணிசமான பங்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் கடனாகக் கொடுத்ததாகும். 1930-ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் வியாபார மந்தம் ஏற்பட்டு நெல் விலை வீழ்ந்தபோது, பர்மா அரிசியும் சயாம் நொய்யும் சென்னை ராஜதானியில் மலிவாக வந்து இறங்கின. நம் நஞ்செய்க்காரர்களுக்கு விளைவித்த நெல் கட்டுப்படியாகவில்லை. 1935-இல் இந்திய சர்க்கார் நொய் அரிசியின் இறக்குமதிக்கு வரி விதிக்க நேர்ந்தது.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியவுடன் அந்த அரிசி அடியோடு நின்றது. 1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்திற்கு அதுவும் ஒரு காரணம். பர்மா அரிசியை நம்பியிருந்த திருவாங்கூரும் பெருங்கஷ்டத்திற்கு உள்ளாயிற்று. அந்நிய அரிசி மலிந்து வருகையில் விளைவிப்பவன் கெட்டான். அது நின்றபோது உண்பவன் கெட்டான். நாம் அன்று வாங்கும் தேசமாக இருந்து பட்ட அனுபவம் இது. இன்று விற்கும் தேசமாகிவிட்டோம்.

தேசங்கள் போட்டியிடும் விதம்

அரிசி என்பது ஒரே சரக்கன்று. பச்சரிசி, புழுங்கலரிசி, வாசனை அரிசி, நொய் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாடிக்கைக்காரர்கள் உண்டு. நூற்றுக்கு ஐந்து பங்கு குருணை கலந்த அரிசிக்கு ஒரு விலையும், இருபத்தைந்து பங்கு கலந்ததற்கு வேறு விலையும் கிடைக்கும்.

சயாம் என்று முன்னர் வழங்கிய தாய்லாந்து, தரத்தினாலேயே பெயர் பெற்றது. அத்தேசத்தின் மல்லிகை அரிசிக்கு மூலமான ரகம் 1959-இல் தேர்ந்தெடுத்து வெளியிடப்பட்டது. அன்று முதல் விதைத் தூய்மையையும் அரவைத் தரத்தையும் காத்து வந்ததனால், சாதாரண அரிசியிலும் மிகுந்த விலை அதற்குக் கிடைக்கிறது.

வியட்நாம் 1986-இல் தன் விவசாயக் கொள்கையை மாற்றத் தொடங்கும் வரையில் அரிசியை இறக்குமதி செய்த தேசம். 1989-இல் பத்து லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. மேகாங் டெல்டாவில் குறுகிய வயதுள்ள ரகங்களைக் கொண்டு ஆண்டில் மூன்று போகம் எடுத்து, முதலில் மலிவான விலையினால் சந்தையைப் பிடித்தது; பிறகு வாசனை ரகங்களுக்கு மாறியது. 2019-இல் மணிலாவில் நடந்த உலக அரிசி மாநாட்டில் அதன் எஸ்.டி. 25 என்னும் ரகம் முதற்பரிசு பெற்றது. பிலிப்பைன்ஸ் தீவுகளே அதன் பெரிய வாடிக்கைக்காரர்.

பாகிஸ்தான், பாசுமதியும் ஐ.ஆர். 6 என்னும் சாதாரண ரகமும் விற்று, பெரும்பாலும் நம்முடைய வாடிக்கைக்காரர்களையே நாடுகிறது.

இந்தியாவின் வியாபாரம் இருவகைப்பட்டது. பஞ்சாப், ஹரியானா மாநிலங்களின் பாசுமதி அரபு நாடுகளுக்குச் செல்கிறது. மற்ற அரிசி, முக்கியமாகப் புழுங்கல், காக்கிநாடா முதலிய துறைமுகங்களிலிருந்து பெனின், செனகல், ஐவரி கோஸ்ட் முதலிய ஆப்பிரிக்க தேசங்களுக்குப் போகிறது. இதில் நமக்குள்ள பலம் மலிவான விலையே. 2022-இல் இந்தியா அனுப்பிய அரிசி சுமார் 2 கோடியே 20 லட்சம் டன். உலக வியாபாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு. தமிழ்நாட்டுப் பொன்னி அரிசி, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர்களிடம் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. பொன்னியின் மூல ரகமான மசூரி மலாயாவில் உண்டாக்கப்பட்டது என்பதும், அதிலிருந்து தேர்ந்த வெள்ளைப் பொன்னி 1986-இல் கோயம்புத்தூரிலிருந்து வெளியிடப்பட்டது என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கவை.

சர்க்கார் உத்தரவுகளின் வலிமை

மேற்கூறிய திறமைகளை விட, சர்க்கார்களின் உத்தரவுகளே இச்சந்தையை அதிகம் அசைக்கின்றன. 2007 அக்டோபரில் தொடங்கிய இந்தியத் தடை, 2008 ஏப்ரலில் பாசுமதி அல்லாத அரிசி முழுவதற்கும் உறுதியாயிற்று. வியட்நாமும் ஏற்றுமதியைச் சுருக்கியது. வாங்கும் தேசங்கள் பீதி கொண்டு முந்தின. ஆண்டின் தொடக்கத்தில் டன் 400 டாலருக்கு உட்பட்டிருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களில் 1,000 டாலரை எட்டியது.

2011 அக்டோபரில் தாய்லாந்து சர்க்கார், டன் ஒன்றுக்கு 15,000 பாட் என்ற மிக உயர்ந்த விலைக்குக் குடியானவர்களின் நெல்லை வாங்கிக் கிடங்குகளில் நிரப்பியது. வெளிச்சந்தை ஏறும், அப்போது விற்கலாம் என்பது எண்ணம். ஆனால் அதற்கு முந்திய மாதத்திலேயே இந்தியா தன் தடையை நீக்கியிருந்தது. தாய்லாந்தின் ஏற்றுமதி ஒரு கோடி டன்னுக்கு மேலிருந்து 2012-இல் சுமார் 70 லட்சம் டன்னாகக் குறைந்தது. இந்தியா முதலிடம் பெற்றது. அத்திட்டம் 2014-இல் பெருநஷ்டத்தோடு முடிந்தது. போட்டியாளன் என்ன செய்வான் என்பதை எண்ணாமல் சரக்கைக் கட்டி வைப்பவனுக்கு நேர்வது இதுவே.

2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடுத்தது; 2023 ஜூலை 20-இல் பாசுமதி அல்லாத பச்சரிசியையும் தடுத்தது; அடுத்த மாதமே புழுங்கலுக்கு நூற்றுக்கு இருபது வரி விதித்தது. தாய்லாந்து அரிசி 600 டாலரைக் கடந்து, பதினைந்து ஆண்டுகளில் காணாத விலைக்கு ஏறியது. 2024 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பச்சரிசித் தடையும் புழுங்கல் வரியும், 2025 மார்ச்சில் நொய்த் தடையும் நீங்கின. உடனே விலை சரிந்து, 2025-இன் நடுவில் ஆசிய அரிசி 400 டாலருக்குக் கீழே வந்தது. வாங்குவோரும் கதவடைக்கக் கூடும் என்பதற்குச் சான்றாக, பிலிப்பைன்ஸ் சர்க்கார் 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அரிசி இறக்குமதியை நிறுத்தி வைத்தது.

நெல் விளைய நான்கு மாதம் வேண்டும்; உத்தரவு பிறக்க ஓர் இரவு போதும். 2023 ஜூலைத் தடை வந்த சமயம், இங்கே முதற்போகம் வயலில் நிற்கும் காலமாகும்.

இப்பள்ளத்தாக்கிற்கு என்ன சம்பந்தம்?

நம் நெல் நேரே கப்பலேறுவதில்லையே என்று சிலர் கேட்கலாம். குமுளிச் சாலை வழியாகக் கேரளத்திற்குச் செல்லும் அரிசிக்கு அங்கே ஆந்திர அரிசி போட்டி. காக்கிநாடாவில் ஏற்றுமதி தாராளமாக நடந்தால் ஆந்திரச் சரக்கில் ஒரு பகுதி கடல் வழியே போய்விடும். கேரள வியாபாரி நம் களத்திற்கு வருவார். ஏற்றுமதி அடைபட்டால் அச்சரக்கு உள்நாட்டுச் சந்தைகளையே நாடும். நம் நெல்லுக்குக் கிராக்கி குறையும். கடற்கரையில் நடப்பது மலையடிவாரத்தில் எட்டுவது இவ்வழியாகத்தான்.

விலைக் கணக்கு ஒன்றையும் பார்ப்போம். 2025-26 பருவத்திற்கு மத்திய சர்க்கார் விதித்த ஆதார விலை, சாதாரண நெல் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். நூறு கிலோ நெல்லில் 67 கிலோ அரிசி என்று கொண்டால், ஒரு டன் அரிசிக்கு வேண்டிய நெல்லின் விலை மட்டும் சுமார் 35,360 ரூபாய். டாலர் ஒன்று 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இது 416 டாலர். அரவைக் கூலியைத் தவிடும் உமியும் ஓரளவு ஈடு செய்யினும், சாக்கு, வண்டிச் சத்தம், துறைமுகச் செலவு முதலியன தனி. உலக விலை 400 டாலருக்குக் கீழிருக்கும்போது, ஆதார விலை கொடுத்து வாங்கி ஏற்றுமதி செய்வது வியாபாரிக்குக் கட்டாது. அவர் அதற்குக் குறைத்தே கேட்பார். ஆகவே விலை மந்தமான ஆண்டுகளில் சர்க்கார் நேரடிக் கொள்முதல் நிலையமே குடியானவரின் காப்பு. தமிழ்நாட்டு சர்க்கார் ஊக்கத்தொகை சேர்த்து அப்பருவத்திற்கு அளித்த விலை சாதாரண நெல்லுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்திற்கு 2,545 ரூபாய்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஒரு போகத்து உயர்ந்த விலையைக் கண்டு அடுத்த போகத்திற்குக் கடன் வாங்கலாகாது. அவ்விலை ஒரு தடையினால் வந்ததாயின், தடை நீங்கும் நாளில் அதுவும் நீங்கும்.

இரண்டாவது, மலிவு அரிசியில் ஆந்திரத்தோடும் வியட்நாமோடும் இச்சிறு பள்ளத்தாக்கு போட்டியிட இயலாது. ஒரு வாய்க்கால் பாசனத்தில் உள்ளவர்கள் கூடி ஒரே சன்ன ரகத்தைத் தூய விதை கொண்டு பயிரிட்டால், கலப்பற்ற பெருஞ்சரக்கு சேரும்; அதற்கே ஆலைக்காரர் உயர்ந்த விலை தருவர்.

மூன்றாவது, குருணையைக் குறைக்க வேண்டும். நெல்லைத் தார்ச்சாலையின் கொதிப்பில் அவசரமாகக் காய வைத்தால் அரிசி உள்ளே வெடித்து, அரவையில் நொறுங்கும். களத்தில் மெல்லப் பரப்பி, அடிக்கடி கிளறி, இடையிடையே நிழலாற்றி உலர்த்துதல் நலம். கொள்முதல் நிலையத்தில் ஈரம் நூற்றுக்கு 17-க்கு மேற்படலாகாது. சேமித்து வைப்பதற்கு 14 ஆக உலர்த்துவது உத்தமம்.

நான்காவது, மருந்தில் நிதானம் வேண்டும். குலைநோய்க்குத் தெளிக்கப்படும் ட்ரைசைக்ளசோல் என்னும் மருந்தின் மிச்சம் கிலோ ஒன்றுக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று ஐரோப்பிய தேசங்கள் விதித்தது, 2018 முதல் இந்தியப் பாசுமதி வியாபாரத்தையே உலுக்கியது. கதிர் வந்த பின்னர் அளவு மீறித் தெளிப்பதை விலக்க வேண்டும்.

ஐந்தாவது, கிராம அதிகாரிகளின் கடமை. அடங்கலில் எழுதும் பரப்பும் பயிரும் தாலுகா, ஜில்லா, மாநிலம் என்று படிப்படியாகச் சேர்ந்து, தேசத்தின் விளைச்சல் மதிப்பாகின்றன. ஏற்றுமதியைத் திறப்பதா, அடைப்பதா என்பது அம்மதிப்பைக் கொண்டே ஆலோசிக்கப்படுகிறது. தென்னையாக மாறிவிட்ட நஞ்செயை நெல் என்று எழுதினால், இல்லாத நெல் கணக்கில் நிற்கும். அன்றியும், கொள்முதல் நிலையத்தில் நெல் விற்க அடங்கல் சான்று வேண்டியிருப்பதால், அறுவடைக்கு முன்னரே அதைக் கொடுத்துதவுவது ஏழைக் குடியானவர் அவசரத்தில் குறைந்த விலைக்கு விற்பதைத் தடுக்கும்.

உலகச் சந்தை நம் கையில் இல்லை. விதையின் தூய்மை, உலர்த்தும் பக்குவம், அடங்கலின் உண்மை ஆகிய மூன்றும் நம் கையில் உள்ளன. இவற்றைக் காத்துக்கொண்டால், சந்தை சரியும் ஆண்டிலும் நம் நெல் கடைசியாகத் தள்ளப்படும் சரக்காக இராது.